ஒலிக்கருவிகள்: கேமரன் மலைத் தோட்டங்களில்

மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலையில், தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் வானொலி கேட்பதற்கும், பாட்டு வைப்பதற்கும், திருவிழா நடத்துவதற்கும் உபயோகிக்கும் வானொலிப் பெட்டி, பெருக்கி, ஒலிபெருக்கி முதலிய சாதனங்களைச் சிக்கனமாகத் தேர்ந்து அமைக்கும் முறை இங்கு விவரிக்கப்படுகிறது. இப்பிரதேசத்தில் ஒலியின் தரத்தை விலையைக் காட்டிலும் அதிகமாக நிர்ணயிப்பவை, அலைகளை மறிக்கும் குன்றுகளும், ஆண்டு முழுதும் நீங்காத ஈரமும், தகரக் கூரையும் பலகைச் சுவருமாக அமைந்த பழைய லயத்து வீடுகளுமே. ஆதலால் இடத்தின் இயல்பை முன்னதாக ஆராய்ந்து, பிறகு கடைக்குச் செல்பவருக்கே சிறு தொகையிலும் தெளிந்த ஒலி கிட்டும்.

வரலாறு

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்த இம்மலைப் பிரதேசத்தில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தை ஸ்தாபித்தார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றிற்று. அத்தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த வானொலிப் பெட்டி நெடுங்காலம் எட்டாத பொருளாகவே இருந்தது. 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயா தமிழிலும் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அரசாங்கம் தன் செய்திகளையும் பிரசாரத்தையும் மக்களிடம் சேர்க்கும் நோக்கத்தோடு, மலாயாவின் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவில் கேட்பதற்கான வானொலிப் பெட்டிகளை வைத்தது. 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், 1960களில் ஜப்பானியச் சிறு பெட்டிகளாகச் சந்தையில் மலிந்த பின்னரே, வானொலி எளிய குடும்பத்தின் உடைமையாயிற்று.

அலை ஏற்பு

சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் குன்றுகளைக் கடந்து வருகிறது. இலங்கை, இந்திய வானொலிகளைக் கடல் கடந்த தமிழர் கேட்க முடிந்ததும் இதனாலேயே. பண்பலையோ ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதாதலின், 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் சிகரத்தில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நின்றபோதிலும், அவை கண்ணுக்குத் தென்படாத பள்ளத்து லயங்களில் இரைச்சல் மிகும். இதற்குப் புதுப் பெட்டி வாங்குவது பரிகாரமன்று, மொத்தம் 1.5 மீட்டர் நீளமுள்ள கம்பியை நடுவில் துண்டித்து, இரு பாதிகளையும் ஒரே கோட்டில் கிடைமட்டமாகக் கட்டி, இணைப்புக் கம்பியை நடுவிலிருந்து பெட்டிக்குக் கொண்டுவந்து, கூரையோரம் உயர்த்தித் திசை மாற்றிப் பார்ப்பதே முதலில் செய்யத்தக்கது. பண்பலை 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் 3 மீட்டர் அலைநீளம் கொண்டதாகையால், அதன் பாதியே இவ்வளவு.

தேர்வு

கருவியின்மேல் அச்சிட்டிருக்கும் பெரிய வாட் எண் பலரை மயக்குகிறது. ஒரு வாட் மின்திறன் ஊட்டி ஒரு மீட்டர் தூரத்தில் அளக்கும்போது 90 டெசிபெல் தரும் ஒலிபெருக்கி 20 வாட்டில் எழுப்பும் சப்தத்தை, 84 டெசிபெல் மட்டுமே தருவது எழுப்புவதற்கு 80 வாட் வேண்டும். ஆகவே கையிலுள்ள வெள்ளியில் பாதிக்குக் குறையாமல் ஒலிபெருக்கிக்குச் செலவிட்டு, சிறிய பெருக்கியோடு திருப்தியடைவதே விவேகம். பெருக்கி எத்தனை ஓம் வரை தாங்குமென்று குறித்திருக்கிறதோ, அதற்குக் குறைந்த தடையுள்ள ஒலிபெருக்கியை அதனுடன் பூட்டலாகாது. பழைய ஒலிபெருக்கி வாங்குபவர் கூம்பின் விளிம்பை அவசியம் சோதிக்க வேண்டும்: நுரைப்பஞ்சு விளிம்பு ஈரத்தில் உதிர்ந்துவிடும், ரப்பர் விளிம்பும் துணி விளிம்பும் நெடுநாள் உழைக்கும்.

வீட்டில் அமைத்தல்

இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைவது உத்தமம். உச்ச சுருதிகளைத் தரும் சிறு கூம்பு, அமர்ந்தவரின் காதளவு உயரத்தில் இருக்கட்டும். மூலையில் ஒட்டிவைத்தால் தாழ்ந்த சுருதி பெருகி, பாடுவோரின் சொற்கள் மங்கிவிடும். எதிர்ச் சுவரில் தடித்த திரையும் தரையில் பாயும் இட்டால் எதிரொலி அடங்கும். தகரக் கூரையில் மழை அறையும்போது ஒலியைக் கூட்டுவதைவிட, ஒலிபெருக்கியைக் கேட்பவருக்கு அருகே நகர்த்துவதே பயன் தரும். தூரம் பாதியானால் நேரொலி சுமார் 6 டெசிபெல் உயர்கிறது. லயத்தில் அண்டை வீட்டாரோடு சுவர் பொதுவாயிருப்பதால், பெட்டியை அச்சுவரில் சாய்க்காமல், தடித்த ரப்பர் துண்டுகளின்மேல் நிறுத்துவது நாகரிகமும் ஆகும்.

திருவிழாவுக்கு

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூம்பு ஒலிபெருக்கியே மலிவானது. ஒரு வாட்டில் 105 டெசிபெல் அளவுக்கு ஒலி தரும் கூம்புகள் உண்டு. பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் அது போதும். தவிலின் தாழ்ந்த நாதத்துக்கு மரப்பெட்டி ஒலிபெருக்கி துணையாக வேண்டும். கூம்புகளை மைதானத்தின் இரு கோடிகளில் கட்டும் வழக்கம் தவிர்க்கத்தக்கது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், இரண்டு கூம்புகளிலிருந்தும் கேட்பவருக்குள்ள தூரம் 17 மீட்டர் வேறுபட்டாலே விநாடியின் இருபதில் ஒரு பங்கு தாமதம் நேர்ந்து, சொற்கள் இரட்டிக்கத் தொடங்கும். ஒரே கம்பத்தில் உயரக் கட்டி, சற்றுக் கீழ்நோக்கிக் கூட்டத்தின் பக்கம் திருப்பினால், குன்றில் மோதித் திரும்பும் எதிரொலியும் குறையும். குறைந்த மின்திறனிலேயே அர்ச்சகரின் ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

பராமரிப்பு

இம்மலையின் குளிரும் மூடுபனியும் சேர்ந்து இணைப்பு முனைகளில் களிம்பேற்றும். ஒலிநாடாக்களில் பூஞ்சணம் படர்த்தும். நாள்தோறும் சிறிது நேரம் கருவியை இயக்கினால் அதன் சூட்டிலேயே உள்ளீரம் உலரும். உபயோகமில்லாத காலத்தில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட மூடிய பெட்டியில் வைக்கலாம். இடிமின்னல் தொடங்குமுன் மின்செருகியோடு வெளி ஏரியல் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். கோயிலுக்கோ சங்கத்துக்கோ பலர் பணம் சேர்த்து வாங்கிய பொதுக் கருவியாயின், அதைப் பூட்டவும் பிரிக்கவும் உலர்த்தவும் இருவருக்கேனும் கற்பித்து, அப்பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படைப்பது, புதிய பாகங்கள் வாங்குவதைவிட அதன் ஆயுளை நீட்டிக்கும்.