எது 'ஒரிஜினல்'? மொரிஸ் மைனரும் மாற்றப்பட்ட அதன் உடம்பும்

பழைய கார் ஒன்றுக்குப் பெரிய எஞ்சின் போட்டுப் பிரேக்கையும் மாற்றினால் அது பழைய கார்தானா? கார் பிரியர்களிடையே இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. ஒரு பக்கம், "ஒரு ஆணியைக்கூட மாத்தக்கூடாது" என்பவர்கள். மற்றப் பக்கம், "ஓடாத கார் வெறும் இரும்பு" என்பவர்கள். எங்களுக்கு இது காரைப் பற்றிய சண்டையாக மட்டும் தெரியவில்லை. கடந்த காலத்தை எப்படிக் கையில் வைத்திருப்பது என்ற கேள்வியும் இதற்குள் இருக்கு. எங்கட ஊர் வீதிகளிலும் ஓடிய மொரிஸ் மைனரை வைத்தே இதைப் பேசிப் பார்ப்போம்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் எரிந்தபோது குடும்பத்தோடு அகதியாக வெளியேறி இங்கிலாந்துக்குப் போனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே 'மொஸ்கிட்டோ' என்ற பெயரில் இந்தச் சின்னக் காரை வரையத் தொடங்கிவிட்டார். கொம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. தண்ணியில உடைச்சு அவிச்ச முட்டை மாதிரி இருக்கெண்டு சொன்னாராம்.

இசிகோனிஸ் இந்தக் காருக்கு நினைத்தது வேறு எஞ்சின். இரண்டு சிலிண்டர் இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் படுத்திருக்கும் தட்டையான எஞ்சின். அதற்காகவே முன்பக்கத்தை அகலமாக விட்டார். கடைசி நேரத்தில் மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவில் 4 அங்குலம் சேர்த்து இன்னும் அகலமாக்கினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த வெட்டின் அடையாளம்தான். ஆனால் செலவு உட்படப் பல காரணங்களால் புது எஞ்சின் கைவிடப்பட்டது. 1948இல் கார் வெளிவந்தபோது உள்ளே இருந்தது போருக்கு முந்திய மொரிஸ் எய்ற்றின் 918 சிசி எஞ்சின். பெரிய வீட்டில் சின்ன விளக்கு ஏற்றி வைத்த மாதிரி.

ஆக, மைனர் பிறந்ததே தனக்கென்று நினைக்கப்படாத எஞ்சினோடுதான். பிறகு தொழிற்சாலையே அதைத் திரும்பத் திரும்ப மாற்றியது. 1952இல் ஒஸ்ரினும் மொரிசும் ஒன்றாகச் சேர, ஒஸ்ரினின் ஏ-சீரிஸ் எஞ்சின் 803 சிசி அளவில் மைனருக்குள் வந்தது. 1956இல் 948, 1962இல் 1098. இந்தக் கடைசி மாற்றத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. எஞ்சினைப் பெருப்பித்தபோதே முன்சக்கரத்தின் ட்ரம் பிரேக்கையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். வேகத்தைக் கூட்டுகிறவன் நிறுத்துகிற வழியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலைக்குத் தெரிந்திருந்தது.

இது வெறும் உபதேசம் இல்லை, கணக்கு. ஓடும் காரில் இருக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 100 கிலோமீற்றர் வேகத்தில் போன கார் 120இல் போனால் வேகம் கூடுவது 20 சதவீதம்தான். பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய சக்தியோ 44 சதவீதம் கூடும். ட்ரம் பிரேக்கில் அந்தச் சூடு மூடிய சட்டிக்குள் மாட்டுப்படும். சூட்டில் ட்ரம் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் கட்டையிலிருந்து விலகும். கட்டையின் உராய்வும் குறையும். நீண்ட இறக்கத்தில் பெடலை எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்காது. டிஸ்க் பிரேக் காற்றுப்பட வெளியே சுழல்வதால் சூடு கெதியாக ஆறும். 1953இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக்கோடு வென்ற பிறகு அதன் அருமை உலகத்துக்கு விளங்கியது. மைனர் மட்டும் கடைசிவரை ட்ரம்மோடேயே இருந்தது.

அந்தக் குறையைப் பிறகு தீர்த்தவர்கள் சொந்தக்காரர்கள். ஏ-சீரிஸ் குடும்பத்தின் 1275 சிசி எஞ்சினை எம்ஜி மிட்ஜெற்றிலிருந்தோ மொரிஸ் மரீனாவிலிருந்தோ கழற்றி மைனரில் போட்டார்கள். ஒரே குடும்பம் என்பதால் பெரிய வெட்டுக்கொத்து தேவைப்படவில்லை. மரீனாவின் முன் டிஸ்க் பிரேக்கையும் கொண்டுவந்து பூட்டினார்கள். 1971இல் வந்த மரீனாவை எல்லாரும் பழித்தார்கள். ஆனால் அதன் முன் சஸ்பென்சன் மைனரிலிருந்து போனது. அதனால்தான் அதன் பிரேக் மைனருக்குப் பொருந்தியது. பேர் கெட்ட பிள்ளையின் உறுப்பு தாய்க்கு உதவியிருக்கு.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் இதற்கு ஒரு தத்துவமே வைத்திருந்தார். காரைச் சில வருஷத்தில் தூக்கி எறியாமல், திருத்தித் திருத்தி ஆயுள் முழுக்க வைத்திருக்கலாம் என்பது அவருடைய வாதம். அந்த வாதம் எங்கட நாட்டுக்கும் வந்தது. மைனருக்கான உதிரிப்பாகங்கள் பிறகு இலங்கையிலேயே செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன.

அதே 1990களில் வடக்கில் நடந்ததோ வேறு கதை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போக, யாழ்ப்பாணத்து மொரிசும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய கார்களால் முடியாததை இந்தக் கிழட்டுக் கார்கள் செய்ததற்குக் காரணம் அவற்றின் பழமையேதான். உள்ளே அழுத்தம் குறைந்த எஞ்சின் என்பதால் தரம் குறைந்த எரிபொருளையும் அது சகித்துக்கொண்டது. பாத் நகரில் மைனரை மாற்றினது இன்னும் நல்லாக ஓடுவதற்கு. இங்கே மாற்றினது ஓடுவதற்கே.

இப்போது அந்தக் கார்களுக்குக் கலியாண வீடுகளில் மவுசு. வாங்குகிறவர்கள் முதலில் செய்வது 'ஒரிஜினல்' ஆக்குவது. எங்கட கேள்வி இதுதான்: எந்த வருஷத்து ஒரிஜினல்? 1948ஆ, 1962ஆ? மண்ணெண்ணெய்க்காகப் பூட்டின குழாயையும் தாங்கியையும் கழற்றி எறிந்தால், அந்தக் காரின் உடம்பில் எழுதியிருந்த எங்கட பத்து வருஷம் அழிகிறது. அதை இங்கிலாந்தில் எந்த நூதனசாலையிலும் பிறகு தேட முடியாது.

அதற்காக மாற்றவே கூடாதென்று நாங்கள் சொல்ல வரவில்லை. சனத்தை ஏற்றி ஓடுகிற காருக்கு டிஸ்க் பிரேக் போடுங்கள். பெரிய எஞ்சின் போட ஆசையென்றால் முதலில் பிரேக்கை மாற்றுங்கள். ட்ரம் பிரேக்கோடு 1275ஐப் பூட்டி ஓடுவது பழமைப் பற்று அல்ல, றோட்டில் போகிற மற்றவர்களின் உயிரோடு விளையாடுவது. ஆனால் உடம்பை வெட்டாமல் மாற்றுங்கள். கழற்றினதை ஒரு பெட்டியில் போட்டு, என்ன, எப்போது, ஏன் என்று எழுதி வையுங்கள். மண்ணெண்ணெய்க்கு எஞ்சினைப் பழக்கிய மெக்கானிக்மார் இன்னும் எங்கட கராஜ்களில் இருக்கினம். அந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று பெரும்பாலும் எங்கும் எழுதியில்லை, அவர்களின் கைகளில்தான் இருக்கு. போய்க் கேட்டு எழுதுவது வரலாறு படிக்கிற எங்கட வேலை.