துறவறப் பெயரும் பிறப்புப் பெயரும்: கன்னியர் மட ஆவணங்களில் தமிழ் ஆசிரியைகள்

தமிழ்ப் பெண்கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசின் கல்வி அறிக்கைகளையும் சீர்திருத்தக்காரர்களின் எழுத்துகளையும் கொண்டே அதனைத் தொடங்குகின்றனர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பெண்மதி மாலை (1869) இவ்வகையில் தவறாது சுட்டப்பெறும் நூலாகும். ஆனால் அந்நூல் வெளிவருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, துறவாடை அணிந்த தமிழ்ப் பெண்கள் புதுச்சேரியில் சிறுமியர்க்குக் கற்பிக்கும் பணியினை ஏற்றிருந்தனர். அவர்களுள் ஒருவர் பெயர்கூட நம் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறவில்லை. ஆவணம் இன்மை இதற்குக் காரணமன்று. கன்னியர் மடங்கள் எழுதி வைப்பதில் சலிப்பறியாதவை. எழுதப்பட்ட முறையே அப்பெண்களை மறைத்துவிட்டது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் பொன்னாந்து தலைமையில் புதுச்சேரியில் கூடிய மறைமன்றம் கல்வியைத் தன் முதன்மை அக்கறைகளுள் ஒன்றாகக் கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் பாரிசு வேதபோதக சபையைச் சார்ந்த துய்புயி அடிகளார் தூய மரியின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையை நிறுவினார். இவரைத் தமிழறிஞர் வேறொரு வகையில் அறிவர். முசே அடிகளாருடன் இணைந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியை (1855, 1862) வெளியிட்டவரும் புதுவை மாதா கோயில் அச்சுக்கூடத்தை நடத்தியவரும் இவரே. அகராதிக்காரர் என்னும் நிலையில் துய்புயி பலமுறை பேசப்பட்டுள்ளார். அவர் தொடங்கிய சபையில் கற்பித்த பெண்களோ பேசப்படவில்லை.

ஐரோப்பாவிலிருந்து வந்த சபைகள் வேறு. குளூனி சூசையப்பர் கன்னியர் 1827இல் புதுச்சேரிக்கும், அயர்லாந்தின் காணிக்கை மாதா கன்னியர் 1842 சனவரியில் சென்னைக்கும், பிரான்சின் ஆன்சே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நல்லாயன் கன்னியர் 1854இல் பெங்களூருக்கும் வந்தனர்.

மடத்தில் பேணப்படும் ஏடுகள் பலவகைப்படும். சபையில் சேர்ந்தோர் பதிவேடு, வார்த்தைப்பாட்டுப் பத்திரம், மடத்து நிகழ்ச்சிக் குறிப்பேடு, வரவுசெலவுக் கணக்கு, தலைமை மடத்துடன் நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து, இறந்த கன்னியரைப் பற்றிய சுற்றுமடல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. ஆய்வாளர் முதலில் நாடுவது நிகழ்ச்சிக் குறிப்பேட்டையே. அது தொடர்ச்சியாக இருக்கும், படிக்கவும் எளிது. எனினும் அது மேலதிகாரி படிப்பார் என்னும் உணர்வுடன் எழுதப்படுவது. ஆயரின் வருகை, திருவிழா, நோய், புதுக் கட்டடத்தின் அடிக்கல் என்பனவே அதில் நிறைந்திருக்கும். எழுதியவர் தம்மைப் பற்றிக் கூறுதல் தாழ்ச்சிக்கு இழுக்கெனக் கருதப்பட்டது. வகுப்பறையில் என்ன நடந்தது என்பதற்குக் கணக்கேடே மேலான சான்று எனலாம். பலகைக்கும் நூலுக்கும் அரிசிக்கும் செலவிட்ட தொகை, எழுதுவோரின் பணிவினால் குறைந்துவிடுவதில்லை.

ஏடுகள் எங்குள்ளன என்பதும் சபையின் அமைப்பைப் பொறுத்தது. நல்லாயன் சபை 1835 முதல் ஒரே தலைமையின்கீழ் இயங்கியது. கிளை மடங்களின் கடிதங்கள் ஆன்சே நகருக்குச் சென்றன. காணிக்கை மாதா கன்னியரிடையே அக்காலத்தில் ஒவ்வொரு மடமும் அவ்வவ் ஆயரின்கீழ்த் தனித்தியங்கியது. ஆகவே தாள்கள் மடத்திலேயே தங்கின.

இனி, பெயர் பற்றிய சிக்கலைக் காணலாம். துறவாடை பெறும் பெண் தன் பெயரை நீக்கிப் புனிதர் ஒருவரின் பெயரை ஏற்பது வழக்கம். அதனோடு தந்தை பெயர், ஊர், குலம் ஆகிய அடையாளங்களும் அன்றாட ஏடுகளினின்று அகன்றன. ஒருவர் இறந்தபின் அப்பெயர் மற்றொருவருக்கு வழங்கப்படுதலும் உண்டு. பெயரை மட்டும் கண்டு அவர் பிரெஞ்சுப் பெண்ணா, தமிழ்ப் பெண்ணா எனத் துணிதல் இயலாது. சோழர் காலக் கல்வெட்டில் விளக்கெரிக்க ஆடு கொடுத்த பெண்ணைக்கூட இன்ன ஊர் இன்னாரின் மகள் என்றோ மனைவி என்றோ அறிகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆசிரியைக்கு அவ்வளவுகூடக் கிட்டவில்லை என்பது வியப்பிற்குரியது.

இழையைப் பின்னோக்கிப் பற்ற ஒரு வழி, பிறந்த பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒருவர் ஆடம்பர வார்த்தைப்பாடு அளித்தால் அச்செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கிற்குத் தெரிவித்துப் பதிய வேண்டும் என்றது. ஆனால் கற்பித்தலுக்கென எழுந்த புதிய சபைகளுள் மிகப் பெரும்பாலானவை சாதாரண வார்த்தைப்பாடு கொண்டவை. அவற்றின் கன்னியர் இவ்விதியில் அடங்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பே நித்திய வார்த்தைப்பாடு அனைத்தையும் பங்குப் பதிவேட்டில் குறிக்கச் செய்தது. எனவே முதல் தலைமுறைத் தமிழ் ஆசிரியைகளைப் பொறுத்தவரை, பங்கிலிருந்து மடத்திற்குச் செல்லும் வழி பெரிதும் அடைபட்டது; மடத்திலிருந்து பங்கிற்கு வரும் வழியே எஞ்சியுள்ளது.

அவ்வழியும் நேரானதன்று. ஆனேக்கல்லை எடுத்துக்கொள்ளலாம். இன்று பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்தின் வட்டமாகிய இது ஒசூரை ஒட்டியது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்பகுதி. மைசூர் மறைப்பணித்தளம் புதுச்சேரியினின்று பிரிந்து 1850இல் தனி ஆட்சிப்பகுதியாயிற்று. பெங்களூர் 1940இல் தனி மறைமாவட்டமானது. எல்லையின் மறுபுறத்தில் சேலம் 1930இலும், தருமபுரி 1997இலும் மறைமாவட்டங்களாயின. ஆனேக்கல்லில் பிறந்து ஒசூர்ப் பக்கத்து உறவினரிடம் வளர்ந்து கன்னியரான ஒரு பெண்ணைத் தேடுவதாகக் கொண்டால், எந்த ஊர்ப் பதிவேடு, எந்த ஆயரகம், எந்தக் காலத்து எல்லை என்னும் மூன்றினையும் முன்னரே தீர்மானித்தாக வேண்டும். இலத்தீனிலோ பிரெஞ்சிலோ எழுதிய குருவின் காதில் ஊர்ப்பெயர் எவ்வாறு ஒலித்தது என்பது நான்காவது வினா.

இத்தகைய நிலையில் வார்த்தைப்பாட்டுப் பத்திரமே தலையாய சான்றாகிறது. வார்த்தைப்பாடு அளிப்பவரும் அதனை ஏற்பவரும் கையொப்பமிட்ட பத்திரம் சபையின் ஆவணக் காப்பகத்தில் பேணப்பட வேண்டும் என்று 1917ஆம் ஆண்டுத் தொகுப்பே விதித்தது. சாதாரண வார்த்தைப்பாட்டிற்கும் இது பொருந்தும். கையெழுத்தின் மொழி, எழுத்தின் பழக்கம், பெயரிட்ட முறை ஆகியன அப்பெண்ணின் கல்வியைப் பற்றிக் குறிப்பேட்டின் பக்கங்கள் பலவும் கூறாததைக் கூறக்கூடும். சேர்ந்தோர் பதிவேட்டோடு இதனை ஒப்பிட்டு, இரு பெயர்களையும் ஒருங்கே தரும் அட்டவணை ஒன்றை ஒவ்வொரு சபைக்கும் அமைத்தல் முதற்பணி. கட்டட வரலாறும் வெள்ளிவிழா மலரும் அதன்பின் வரலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவு வாழ்வின் புதுப்பித்தல் பற்றிய ஆணையை 1965இல் வெளியிட்டபின், பல சபைகளில் கன்னியர் தம் ஞானஸ்நானப் பெயருக்குத் திரும்பினர். இதனால் ஒரே ஆசிரியை ஓராண்டில் ஒரு பெயரிலும் அடுத்த ஆண்டில் மற்றொரு பெயரிலும் பள்ளி ஏடுகளில் காணப்படும் நிலை தோன்றியது. அவரிடம் முன்னர்ப் படித்தவர்களிடம் வாய்மொழிச் சான்று திரட்டுவோர் பழைய பெயரைச் சொல்லியே வினவுதல் வேண்டும். புதிய பெயரைச் சொன்னால் அப்படி ஒருவர் பள்ளியில் இருந்ததில்லை என்னும் விடையே கிடைக்கக்கூடும்.