விற்பனைக்குத் தனி எண், வீட்டுக்குத் தனி எண்: நேரடி விற்பனை செய்யும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மாம்பழம், பாரம்பரிய அரிசி, செக்கு எண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என விளைபொருளை நேரடியாக விற்கும் விவசாயிகளுக்குக் கைபேசிதான் கடை. அந்த எண் அரிசிப் பையிலும், விளம்பரப் பலகையிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும், யூடியூப் காணொளியின் கீழும் இருக்கும். பலருக்கு அதே எண்தான் ஆதாரிலும், வங்கிக் கணக்கிலும், பி.எம். கிசான் பதிவிலும் இருக்கிறது. ஊருக்கே தெரிந்த எண்ணும் சேமிப்பைக் காக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பது ஆபத்து. இரண்டையும் பிரிப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஒரே எண்ணால் வரும் சிக்கல்கள்

உங்கள் எண் வெளியே இருந்தால், நீங்கள் விவசாயி என்பதும் எல்லோருக்கும் தெரியும். மோசடிக்காரர்களுக்கு அது போதும். "கிசான் தவணை நின்றுவிட்டது, இதை நிறுவுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வரும். அதை நிறுவினால், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை அவர்கள் படித்துவிட முடியும். "50 மூட்டை வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பது இன்னொரு வகை. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று பொருள்.

அறுவடைக் காலத்தில் ஆர்டர் எடுக்க மகனிடமோ வேலையாளிடமோ கைபேசியைக் கொடுத்தால், வங்கிக் குறுஞ்செய்திகளும் சேர்ந்தே அவர்கள் கைக்குப் போகின்றன. ஓயாமல் வரும் விசாரணை அழைப்புகளுக்கு நடுவே வீட்டிலிருந்து வரும் அவசர அழைப்பையும் தவறவிட நேரிடும்.

எந்த எண்ணை எதற்கு வைப்பது?

பழைய எண் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களிடம் இருந்தால், அதையே விற்பனை எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போன எண்ணை இனி ரகசியமாக்க முடியாது. புதிய எண் வாங்கி ஆதாரையும் வங்கியையும் அதற்கு மாற்றுவது சில நாள் அலைச்சலோடு முடிந்துவிடும். இப்போதுதான் நேரடி விற்பனையைத் தொடங்குகிறீர்கள் என்றால், பழைய எண்ணை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, புதிய எண்ணை மட்டும் பையில் அச்சிடுங்கள்.

வீட்டு எண்ணில் இருக்க வேண்டியவை: ஆதார், முதன்மை வங்கிக் கணக்கு, பயிர்க்கடன் கணக்கு, பி.எம். கிசான், விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவு, பயிர்க் காப்பீடு, ரேஷன் கார்டு. முதலில் ஆதாரில் எண்ணை மாற்றுங்கள். ஆதார் பதிவு மையங்களிலும், ஆதார் சேவை உள்ள அஞ்சலகங்களிலும் இதைச் செய்யலாம். அடுத்து வங்கி, அதன்பின் மற்றவை. எல்லாம் மாறிவிட்டதா என்று ஒருமுறை ஓ.டி.பி. வரவழைத்துச் சரிபாருங்கள். அதுவரை பழைய சிம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

வீட்டு எண்ணை உறவினர், வங்கி, அரசு அலுவலகம் தவிர யாருக்கும் தர வேண்டாம். விவசாயிகள் வாட்ஸ்அப் குழுக்களில் விற்பனை எண்ணிலேயே சேருங்கள்.

பட்டன் போன் ஒரு நல்ல பாதுகாப்பு

வீட்டு எண்ணின் சிம்மைச் சாதாரண பட்டன் போனில் போட்டு வைக்கலாம். ஸ்மார்ட்போனில் தவறிப்போய் ஒரு போலிச் செயலி நுழைந்தாலும், பட்டன் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை அதனால் படிக்க முடியாது. ஆனால் முதன்மைக் கணக்கின் யு.பி.ஐ. செயலியை இயக்க, வங்கியில் பதிந்த சிம் அந்த ஸ்மார்ட்போனிலேயே இருக்க வேண்டும். ஆகவே விற்பனைப் பணத்துக்கு வேறு ஏற்பாடு தேவை.

பணம் வாங்க ஒரு சிறு கணக்கு

விற்பனை எண்ணைப் பதிந்து தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். யு.பி.ஐ., க்யூ.ஆர். அட்டை எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, குறைந்தபட்ச இருப்பை விட்டுவிட்டு மீதியை முதன்மைக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். ஏதேனும் தவறு நடந்தாலும் இழப்பு அந்தச் சிறு தொகையோடு நிற்கும். விற்பனை வரவு செலவும் தனியாகத் தெரியும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆதார் வழியாக வரும் மானியங்களும் உதவித்தொகைகளும், அவற்றைப் பெறுவதற்காகக் கடைசியாக ஆதார் இணைக்கப்பட்ட கணக்கிற்கே போகும். புதிய கணக்கு தொடங்கும்போது, "மானியம் இந்தக் கணக்கிற்கு வேண்டாம், பழைய கணக்கிலேயே வரட்டும்" என்று வங்கியில் தெளிவாகச் சொல்லுங்கள். படிவத்தில் அதற்கான கட்டத்தையும் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ்

விற்பனை எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் பயன்படுத்தலாம். இது இலவசம். பொருட்களைப் படத்தோடும் விலையோடும் பட்டியலிடலாம். 'புதிய ஆர்டர்', 'பணம் வந்தது', 'அனுப்பியாச்சு' என்று வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்கலாம். தானாகப் போகும் பதிலை இப்படி எழுதி வைக்கலாம்:

"வணக்கம். இப்போது தோட்ட வேலையில் இருக்கிறோம். பொருள், அளவு, ஊர், பின்கோடு எழுதி அனுப்புங்கள். மாலை 6 முதல் 8 மணிக்குள் பதில் தருகிறோம்."

இரவில் விற்பனை எண்ணை அணைத்து வைக்கலாம். வீட்டு எண் எப்போதும் இயங்கட்டும். விற்பனை வாட்ஸ்அப்பில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்கான 6 இலக்கப் பின்னையும் மறக்காமல் வையுங்கள்.

சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும்

விற்பனையைக் குடும்பத்தினரோ வேலையாளோ கவனித்தாலும், சிம் நில உரிமையாளர் பெயரில் இருப்பதே நல்லது. வேலையாள் பெயரில் சிம் இருந்தால், அவர் விலகும் நாளில் வாடிக்கையாளர்களும் அவரோடு போய்விடுவார்கள். ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இயங்குகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, உங்களுடையதல்லாத எண்ணைப் பற்றி அங்கேயே புகார் செய்யலாம்.

பருவம் முடிந்தாலும் எண்ணை விடாதீர்கள்

மாம்பழப் பருவம் முடிந்ததும் ரீசார்ஜ் செய்யாமல் விடுவது பலரின் வழக்கம். தொடர்ந்து 90 நாட்கள் பயன்பாடு இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். பிறகு அது வேறொருவருக்குப் போகும். அடுத்த ஆண்டு உங்கள் பையைப் பார்த்து அழைப்பவர் அவரிடம்தான் பேசுவார். வங்கிக் கணக்கோடு இணைந்த எண் என்றால் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். டேட்டா இல்லாமல், அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்கள் வீட்டு எண்ணுக்குப் போதும். சிக்னல் சரியில்லை என்றால் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டால்

தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்கச் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் புகார் பதிவானால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். 1930 என்ற எண்ணை இரண்டு கைபேசிகளிலும் இப்போதே பதிந்து வையுங்கள்.