தவறவிட்ட பையைத் தேட ஒரு சீட்டு: எங்களுக்கு ஏற்ற செயலி எப்படி இருக்க வேண்டும்?

என் சின்னம்மாவிடம் ஒரு கறுப்புத் தோள்பை இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, மகனைத் தேடிக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், அவனுடைய ஒரேயொரு புகைப்படம் எல்லாம் அதற்குள்தான். கடந்த வருடம் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போனபோது அந்தப் பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் பை கிடைத்தது. அதைக் கண்டெடுத்த பெண், உள்ளே இருந்த கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த இலக்கத்துக்கு அழைத்திருந்தார். அது பழைய அயலவர் ஒருவருடைய இலக்கம். அவர் ஆள்மாறி ஆளாக விசாரித்து எங்களிடம் வந்து சேர்ந்தார். "இது துலைஞ்சிருந்தால் நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது, தம்பி?" என்றார் சின்னம்மா.

அதன்பிறகுதான் மென்பொருள் தெரிந்த நண்பர் ஒருவரும் நானும் இருந்து, தவறவிட்ட பொருளைத் தேட உதவும் எளிய சீட்டொன்றையும் செயலியொன்றையும் வடிவமைக்கத் தொடங்கினோம். அந்த முயற்சியில் நாங்கள் கற்றவை இவை.

இருவகைத் தேடல்

கடைகளில் விற்கும் டேக்குகள் பெரும்பாலும் புளூடூத்தில் இயங்குபவை. ஆப்பிளின் ஏர்டேக்கும் சாம்சங்கின் ஸ்மார்ட்டேக்கும் 2021இல் வந்தன. இவற்றுக்குள் ஜி.பி.எஸ். கிடையாது. டேக் சிறிய சமிக்ஞையொன்றை விட்டுவிட்டு அனுப்பும். பக்கத்தால் போகும் யாரோ ஒருவரின் கைத்தொலைபேசி அதைப் பிடித்து, தான் நிற்கும் இடத்தை உரிமையாளருக்குத் தெரியப்படுத்தும். அதாவது தேடித் தருவது டேக் அல்ல, சுற்றியுள்ள தொலைபேசிகள்தான். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இது வேலை செய்யலாம். முல்லைத்தீவில் ஒரு குளக்கட்டில் கிடக்கும் பைக்கு, யாராவது அந்த வழியால் வரும்வரை காத்திருக்க வேண்டும். 2024இல் ஆரம்பித்த கூகுளின் வலையமைப்பு, ஆட்கள் அதிகம் நடமாடும் இடங்களிலேயே சாதாரணமாக இயங்கும்படி அமைக்கப்பட்டது.

இரண்டாவது வகை கியூ.ஆர். குறியீடு அச்சிட்ட வெறும் சீட்டு. இதற்கு பற்றரி வேண்டாம், அச்சிடவும் பெரிய செலவில்லை. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் உருவாக்கிய இந்தக் குறியீட்டை உயர்ந்த திருத்த அளவில் அச்சிட்டால், ஏறக்குறைய 30 வீதம் சேதமானாலும் வாசிக்க முடியும். மழையும் தூசியும் படும் பைக்கு இது முக்கியம். ஆனால் இது பை இருக்கும் இடத்தைச் சொல்லாது. கண்டெடுப்பவரின் நல்ல மனதையே நம்பியிருக்கிறது. சின்னம்மாவின் பை திரும்பி வந்ததும் அப்படித்தான். ஆகவே இதையே தெரிவுசெய்தோம்.

சீட்டில் என்ன இருக்கக்கூடாது?

பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் மூன்றும் வேண்டாம். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இலக்கத்தைப் பார்த்தே ஒருவர் ஆணா பெண்ணா, எப்போது பிறந்தவர் என்று சொல்லிவிடலாம். தனியே வாழும் பெண்ணின் பையில் விலாசத்தையும் சேர்த்து எழுதுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் சீட்டில் ஆறு எழுத்துக் குறியீடு ஒன்று மட்டுமே இருக்கிறது. அது வரிசை இலக்கமாக இருக்கக்கூடாது. இருந்தால் ஒன்றைத் தெரிந்தவர் மற்றவற்றையும் ஊகித்துவிடுவார்.

செயலி செய்ய வேண்டியது

கண்டெடுப்பவர் எந்தச் செயலியையும் தரவிறக்க வேண்டியதில்லை. குறியீட்டை ஸ்கேன் செய்தால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பக்கம் திறக்கும். கொழும்பு பஸ்ஸில் பையைக் கண்டெடுப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அவர் எழுதும் செய்தி உரிமையாளருக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்காக, குறுஞ்செய்தி அனுப்பவேண்டிய இலக்கமொன்று சீட்டின் அடியில் இருக்கும். கண்டெடுப்பவரின் இருப்பிடத்தைச் செயலி தானாக எடுக்காது. பொருள் கிடைத்ததும் செய்திகள் அழிக்கப்படும். சேமிக்காத தகவலை யாரும் கேட்டு வாங்க முடியாது.

ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். முதல் வடிவத்தில் பொத்தான் ஒன்றில் "காணாமல் போனது" என்று எழுதியிருந்தோம். சின்னம்மா அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் எந்தச் சொல்லோடு வீதியில் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. இப்போது அந்தப் பொத்தானில் "தவறவிட்டேன்" என்று இருக்கிறது.

டேக் உங்களைப் பின்தொடர்ந்தால்

பையைத் தேடும் டேக்கால் ஆளையும் தேடலாம். உங்கள் பையிலோ மோட்டார் சைக்கிளிலோ யாராவது ஒன்றை ஒளித்து வைக்க முடியும். ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து உருவாக்கிய எச்சரிக்கை முறை 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஐபோனில் ஐ.ஓ.எஸ். 17.5 முதலும், அண்ட்ராய்டில் 6.0 முதலும் இது உண்டு. அறியாத டேக் ஒன்று உங்களோடு நகர்ந்தால் தொலைபேசி அறிவிக்கும். அண்ட்ராய்டு அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் நீங்களாகவும் தேடிப் பார்க்கலாம். சாதாரண பட்டன் போனில் இந்த வசதி இல்லை. அதனால் முக்கியமான பயணத்துக்கு முன் பையின் உட்பைகளையும் வாகன இருக்கையின் அடியையும் கையாலேயே தடவிப் பாருங்கள். ஏர்டேக் அகப்பட்டால் அதன் தொடரிலக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு, பின்மூடியை அழுத்தி இடப்பக்கமாகத் திருப்பி பற்றரியைக் கழற்றிவிடலாம்.

இன்றே செய்யக்கூடியவை

எங்கள் செயலி இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

• நம்பிக்கையான உறவினர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் மூன்று மொழிக் குறிப்போடு ஒரு அட்டையில் எழுதி, பொலித்தீன் உறையிலிட்டுப் பைக்குள் வையுங்கள். இலக்கம் மாறினால் அட்டையையும் மாற்றுங்கள்.

• மூல ஆவணங்கள் வீட்டில் இருக்கட்டும். பயணத்துக்குப் பிரதிகள் போதும். எல்லாவற்றையும் படமெடுத்து, வேறோர் ஊரில் இருக்கும் பிள்ளையிடமும் கொடுத்து வையுங்கள்.

• அடையாள அட்டை தொலைந்தால் உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். புதியதற்கு விண்ணப்பிக்க அந்தப் பிரதி தேவை.

• பை கிடைத்ததாக அழைப்பவர் முதலில் பணமோ ரீலோட்டோ கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பொருளை வாங்க வாசிகசாலை, தபாலகம் போன்ற பொது இடத்துக்கு இன்னொருவரோடு போங்கள்.

சின்னம்மாவின் முறைப்பாட்டுப் பிரதிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து படமெடுத்து முடித்தோம். மொத்தம் 41 பக்கங்கள். கறுப்புப் பையில் இப்போது பிரதிகள்தான் பயணம் போகின்றன. மகனின் புகைப்படத்தின் மூலப்பிரதியை மட்டும் அவர் வீட்டில் வைக்கச் சம்மதிக்கவில்லை. சீட்டை அந்தப் படத்தின் உறையிலேயே ஒட்டிக் கொடுத்தேன்.