வீட்டுக் கம்பியில்லாத் திசைவி

வீட்டுக் கம்பியில்லாத் திசைவி என்பது ஓர் இணைய இணைப்பை வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி முதலியவற்றுக்குப் பகிர்ந்தளித்து, தரவுப் பொதிகளை உரிய முகவரிக்கு அனுப்பும் கருவி ஆகும். பேச்சுவழக்கில் இது ரவுட்டர் என்றும், சரியாகச் சொன்னால் வேறொரு கருவியின் பெயரான மோடம் என்றும் வழங்கப்படுகின்றது. பழைய திசைவிக்கு மாற்றாக எதைத் தெரிவது என்பது இணைப்பின் வகை, வீட்டின் அமைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பொறுத்தது.

இந்தியாவில் பரவல்

2005 சனவரியில் பிஎஸ்என்எல் நிறுவனம் செப்புத் தொலைபேசிக் கம்பி வழியே அகலப்பாட்டைச் சேவையைத் தொடங்கியது. அதே மாதம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இயங்கும் குறைதிறன் கருவிகளுக்கு நடுவண் அரசு உரிம விலக்கு அளித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் கற்றையில் இத்தகைய விலக்கு 2018 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது.

இணைப்பின் வகை

செப்புக் கம்பிக்கென வாங்கிய ஏடிஎஸ்எல் மோடம்-திசைவியை ஒளியிழை இணைப்பில் நேரடியாகச் செருக இயலாது. ஒளியிழை முதலில் ஓஎன்டி எனப்படும் முனையக் கருவியில் வந்து சேர்கின்றது. அதன் தொடரெண் சேவை வழங்குநரிடம் பதியப்பட்டிருப்பதால், கடையில் வாங்கிய வேறொரு ஓஎன்டி பதிவு செய்யப்படாமல் இயங்காது. பெரும்பாலான வீடுகளில் ஓஎன்டியை அப்படியே விட்டு, அதன் பின்னால் ஈதர்நெட் வடம் வழியே தனித் திசைவி ஒன்றை இணைப்பதே எளிது. ஓஎன்டியைப் பாலமாக மட்டும் இயங்கச் செய்தால், இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் புதிய திசைவியில் இடப்பட வேண்டும். அவற்றைக் குறித்து வைக்காமல் பழைய கருவியை மீட்டமைப்பது வீண் அலைச்சலைத் தரும்.

வேகம்

பெட்டியில் அச்சிடப்படும் 300, 1200 போன்ற எண்கள் கம்பியில்லாப் பகுதியின் கோட்பாட்டு உச்சங்களே. இரு கற்றைக் கருவிகளில் இரண்டின் உச்சமும் கூட்டிக் காட்டப்படுகின்றது. விலை குறைந்த பல திசைவிகளின் ஈதர்நெட் துறைகள் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தா. 200 மெகாபிட் திட்டம் வைத்திருப்பவர் அத்தகைய திசைவியை வாங்கினால், கட்டணத்தில் பாதி வீணாகும். துறைகள் கிகாபிட் வகையா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

வீட்டின் அமைப்பு

5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் விரைவானவை. ஆயினும் சுவரை ஊடுருவுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்குப் பின்தங்கியவை. பத்தமடை, கல்லிடைக்குறிச்சி போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களின் பழைய அக்கிரகார வீடுகள் முன்புறம் குறுகிப் பின்புறம் நீண்டவை; தடித்த சுவர்கள் கொண்டவை. வாசல் அறையில் வைத்த திசைவியின் அலை அடுக்களை வரை செல்லாதது வியப்பன்று. அங்கே கூடுதல் அலைவாங்கிகள் கொண்ட விலையுயர்ந்த கருவி பெரிதாக உதவாது. வீட்டின் நடுப்பகுதிக்கு ஒரு வடம் இழுத்துத் திசைவியை அங்கே உயரத்தில் வைப்பதோ, இரண்டாவது அணுகுபுள்ளி அமைப்பதோ நல்ல பயன் தரும். பழைய திசைவி பழுதின்றி இருந்தால், அதன் முகவரி வழங்கும் பணியை நிறுத்திவிட்டு, முகவரி மோதாதபடி மாற்றி, அதையே அணுகுபுள்ளியாகப் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பு

2008 சூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் இணைய முகவரியிலிருந்து சென்றதாகக் கண்டறியப்பட்டது. அவ்வீட்டின் கம்பியில்லா இணைப்பை வெளியாள் பயன்படுத்தியதாகக் கருதப்பட்டது; குடியிருந்தவரோ விசாரணைக்கு உள்ளானார். இதையடுத்து 2009 இல் தொலைத்தொடர்புத் துறை, கம்பியில்லா இணைப்புகளைப் பாதுகாக்க வழிமுறைகள் வெளியிட்டது.

குறியாக்க முறைகளுள் டபிள்யூஈபி 2001 இலேயே உடைக்கப்பட்டது. டபிள்யூபிஏ2 2004 இலும் டபிள்யூபிஏ3 2018 இலும் வந்தன. புதிதாக வாங்குவது டபிள்யூபிஏ3 கொண்டதாக இருப்பது நல்லது. உற்பத்தியாளர் எத்தனை ஆண்டு மென்பொருள் இற்றைப்படுத்தல் தருகிறார் என்பதும் அதே அளவு முக்கியம். இற்றைப்படுத்தல் நின்றுபோன திசைவி பழுதின்றி ஓடினாலும் மாற்றத்தக்கதே.

மின்வெட்டும் இடியும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடிமின்னலால் எழும் மிகைமின்னழுத்தம் தொலைபேசிக் கம்பி வழியே ஏறி மோடங்களை எரிப்பதுண்டு. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது; எனினும் மின்வடம் வழியாக அபாயம் தொடர்கின்றது. பல வீட்டுத் திசைவிகள் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குவதால், சிறிய மின்கலப் பெட்டி ஒன்று அவற்றைச் சில மணி நேரம் தாங்கும். ஓஎன்டிக்கும் அவ்வாறே மின்சாரம் தர வேண்டும். திசைவி மட்டும் எரிந்துகொண்டிருந்தால் இணையம் வராது.