மாலுமியின் கயிறும் வானத்துக் ககனும்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் பயணிகள் விமான நிலையம் இல்லை. ஆயினும் இப்பகுதி மக்களுக்கு விமானப் பயணம் புதிதன்று. லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் அதன் சுற்றூர்களிலிருந்தும் பொருள் தேடி வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் பலர். திருச்சிராப்பள்ளியில் ஏறுவதும் இறங்குவதும் அவர்கள் வாழ்வின் நிகழ்ச்சிகளாகிவிட்டன. பிள்ளை வந்திறங்கும் இரவில், "நல்லபடியாக வந்து சேர வேண்டும்" என்று தாய் துஆச் செய்கிறாள். மேகம் சூழ்ந்த அவ்விருளில், தான் எங்கே இருக்கிறோம் என்பதை விமானம் எங்ஙனம் அறிகிறது? இவ்வினாவுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

வழியறியும் கலை கடலில் வளர்ந்தது. நாம் வழங்கும் 'மாலுமி' என்னும் சொல்லே, ஆசானையும் கலம் செலுத்துவோனையும் குறிக்கும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு என்பர். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் போன்ற அரபு மாலுமிகள் 'கமால்' என்ற எளிய கருவியைக் கையாண்டனர். அது ஒரு சிறு மரப்பலகை. அதன் நடுவே முடிச்சுகள் இட்ட ஒரு கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ மீனிலும் பொருத்துவார்கள். ஒவ்வொரு முடிச்சும் தெரிந்த துறைமுகம் ஒன்றின் அளவு. தெரிந்த இடத்தைக் கொண்டு தெரியாத இடத்தை அறிவதே அதன் உட்பொருள்.

நிலத்திலும் இந்நெறியே பயன்பட்டது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்து சென்றார். சமவெளியான காவிரிப் படுகையில் மரங்கள் பார்வையை மறைத்ததால் கோவில் கோபுரங்களின் மீது ஏறி அளக்க நேர்ந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அளவைக் கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. லாம்டன் மனந்தளராமல் தாமே அதைச் செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார்.

நம் காலத்தில் துருவ மீனின் இடத்தைச் செயற்கைக் கோள்கள் பெற்றன. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறிய தென்கொரிய விமானமொன்றைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, தான் அமைத்து வந்த ஜி.பி.எஸ். வசதியை உலக மக்களின் பயன்பாட்டுக்கும் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. ஆனால் விமானம் தரையிறங்க அது மட்டும் போதாது. கோளிலிருந்து வரும் அலை ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும் கணக்கில் 300 மீட்டர் பிழை நேரும். அத்தாமதத்தை உண்டாக்குவதில் முதன்மையானது வளிமண்டலத்தின் மேற்புறத்திலுள்ள அயனி மண்டலம்.

இங்கேதான் நம் நாட்டுக்குத் தனி இடர் ஒன்று எழுந்தது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகச் செல்கிறது. 1963இல் முதல் ஏவூர்தியை விடத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதும் அக்கோட்டின் அருகாமையினால்தான். இக்கோட்டை ஒட்டி அயனி மண்டலம் அமைதியற்றது. மாலை மயங்கிய பின் அதில் குமிழிகள் தோன்றி அலைகளைக் குலைக்கும். ஆகவே பிறநாட்டார் வகுத்த திருத்த முறையை அப்படியே எடுத்தாள இயலவில்லை. நம் நிலத்துக்குரிய கணக்கை நாமே வகுக்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு பிறந்ததே 'ககன்'. வானம் என்பது அச்சொல்லின் பொருள். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்தவை இவை: இருப்பிடம் துல்லியமாக அறியப்பட்ட 15 தரை நிலையங்கள், பெங்களூரில் கட்டுப்பாட்டு மையம், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக் கோள்கள். நிலையம் தன் உண்மை இடத்தையும் ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தையும் ஒப்பிட்டுப் பிழையை அறியும். மையம் திருத்தத்தைக் கணித்துக் கோள் வழியே விமானத்துக்கு அனுப்பும். ஜி.பி.எஸ். கோள் பிழைபட்டால் சில விநாடிகளில் எச்சரிக்கும். இந்த எச்சரிக்கையே துல்லியத்தினும் பெரிது. பொய்யான அளவை நம்பித் தாழ இறங்குவதல்லவா பேராபத்து?

பாதை எளிதாயிருக்கவில்லை. ககன் கருவியைச் சுமந்த ஜிசாட்-4, 2010 ஏப்ரல் 15 அன்று ஏவூர்தியோடு அழிந்தது. 2011இல் ஜிசாட்-8, 2012இல் ஜிசாட்-10, 2015இல் ஜிசாட்-15 ஆகியவை வெற்றியுடன் சென்றன. 2015 ஏப்ரலில், உயரத்தையும் வழிகாட்டித் தரையிறக்கும் தகுதிச் சான்று ககனுக்குக் கிட்டியது. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் இத்தகுதி பெற்ற முதல் அமைப்பு இதுவே.

எனினும் ஏழாண்டுகள் கழித்து, 2022 ஏப்ரலில்தான் இந்திய நிறுவனமொன்றின் பயணிகள் விமானம், ராஜஸ்தானத்துக் கிஷன்கட்டில் சோதனைப் பயணமாக ககன் துணைகொண்டு இறங்கியது. விமானத்தில் அதற்கேற்ற ஏற்பிகள் வேண்டும். ஒவ்வொரு ஓடுபாதைக்கும் இறங்குவழி வகுக்கப்பட வேண்டும். விமானிகள் பயிற்சி பெற வேண்டும். இவை இருப்பின், விலையுயர்ந்த தரைக்கருவிகளை நிறுவ வசதியில்லாத சிறிய நிலையங்களிலும் விமானங்கள் அச்சமின்றி இறங்கலாம். கருவியைப் படைப்பதில் காட்டிய விரைவை அதைக் கையாள்வதிலும் காட்டாவிடில், அறிவின் பயன் மக்களை எட்டாது.

முடிச்சிட்ட கயிற்றைப் பல்லில் கடித்த மாலுமிக்கும், திரையை நோக்கும் இன்றைய விமானிக்கும் வேண்டுவது ஒன்றே: ஐயமற அறிந்த ஓர் இடம். அதைத் தருவதற்கு நம் அறிஞர்கள் உழைத்தார்கள். ஊரில் விழித்திருக்கும் தாய்க்கு இப்பெயர்கள் எவையும் தெரியாமலிருக்கலாம். ஆனால் அந்த உழைப்பு காக்க முனைவது அவள் பிள்ளையைத்தான்.