மானியம் வந்த வழி

பத்தமடைக் கோரைப்பாய் எங்கள் வீட்டுத் தொழில். வாப்பா காலத்தில் முதல் என்றால் மொத்த வியாபாரி தரும் முன்பணம்தான். அதை வாங்கினவர் பாயை வியாபாரி சொன்ன விலைக்கே போட வேண்டும். வங்கிக்குப் போக ஜாமீன் இல்லை. வட்டி என்ற பேச்சே பெரியவர்களுக்கு ஆகாது.

அரசு எங்களைப் போன்ற சிறுபான்மையினர் பக்கம் திரும்பியது தாமதமாகத்தான். 1992இல் சிறுபான்மையினர் ஆணையச் சட்டம், 1994இல் சிறுபான்மையினருக்கான தேசிய நிதிக் கழகம், 1999இல் தமிழகத்தில் அதே வேலைக்கு டாம்கோ என்ற மாநிலக் கழகம். கழகங்கள் தந்ததோ பெரும்பாலும் குறைந்த வட்டிக் கடன். இனாமாகக் கிடைக்கும் என்று போனவர்கள் முகம் சுருங்கித் திரும்பினார்கள்.

மானியம் தேடுகிறவருக்கு உருப்படியாக வந்தது 2008இன் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். சிறுபான்மையினர் அதில் சிறப்புப் பிரிவு: கைமுதல் 5 சதவீதம், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35. ஆனால் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. வங்கியிலேயே 3 ஆண்டு வைப்பில் கிடக்கும். அதற்கு வட்டி தரமாட்டார்கள். அந்த அளவு கடனுக்கு நம்மிடம் வட்டி கேட்கவும் மாட்டார்கள். தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஓடிப்போகிறவனுக்கு இதில் வழியில்லை.

இந்தத் திட்டத்தில் மச்சானுக்கு விண்ணப்பம் எழுதியபோது தறிக்குக் கொட்டேஷன் சுலபமாகக் கிடைத்தது. கோரைக்கு யார் பில் தருவார்? ஆற்றங்கரையில் அறுத்து, கட்டாகக் கட்டி, ரொக்கத்துக்கு விற்கிற சரக்கு அது. கடைசியில் சாயக்கடைப் பில்லை வைத்துத்தான் கணக்கைத் தேற்றினோம்.